சாட்டிலைட் படத்தைப் பாத்து மேகத்தைப் படிக்கறது எப்படி: இன்சாட் படங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நவம்பர் பொறந்துட்டா போதும், எல்லார் போன்லயும் அந்த கலர் படம் வந்துடும். வங்கக் கடல் மேல சிவப்பு, அதுக்குள்ள கருப்பு, ஓரத்துல மஞ்சள், கூடவே "இன்னிக்கு ராத்திரி நமக்குத்தான்"னு ஒரு வரி. சில வருஷம் முன்னாடி டெல்டாவுல இருக்கற எங்க பெரியப்பா அப்படி ஒரு படத்தை அனுப்பிட்டு போன் பண்ணாரு, "தம்பி, நம்ம ஊர் மேல ரத்தச் சிவப்பா இருக்குப்பா, மேலுரம் போடலாமா வேணாமா, போட்டதும் மழை அடிச்சா அவ்வளவும் கரைஞ்சு வாய்க்கால்ல போயிடும்"னு. நானும் படத்தைப் பாத்தேன், சிவப்பாத்தான் இருந்துச்சு, வேணாம் பெரியப்பான்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ஒரு சொட்டு கூட விழல, வானத்துல நிலாவைச் சுத்தி கோட்டை கட்டின மாதிரி ஒரு மெல்லிசான மேகம் மட்டும்தான். உரம் போட வேண்டிய நாள் வீணாப் போச்சு. அந்த சிவப்பு எதைக் காட்டுதுன்னு எனக்கு அன்னிக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு அன்னிக்குத்தான் உக்காந்தேன். அதுல இருந்து கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன்.

ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல வாங்கிக்கங்க. நாம பாக்கற அந்த கலர் படம் போட்டோ இல்ல. அது ஒரு தெர்மாமீட்டர் ரீடிங். மேகத்தோட உச்சி எவ்வளவு ஜில்லுன்னு இருக்குன்னு 36,000 கிலோமீட்டர் தள்ளி இருந்து அளந்து, அந்த நம்பருக்கு ஒரு கலர் பூசி அனுப்பறாங்க, அவ்வளவுதான். கீழ மழை பெய்யுதா இல்லையான்னு அந்த நம்பருக்கு நேரடியாத் தெரியாது.

சாட்டிலைட் எங்க நிக்குது, எப்படிப் பாக்குது

நமக்குப் படம் தர்றது இன்சாட்ங்கற நம்ம நாட்டு சாட்டிலைட் வரிசைல ரெண்டு. இன்சாட்-3டிஆர், 2016 செப்டம்பர் 8 அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டால இருந்து ஜிஎஸ்எல்வி ராக்கெட்ல போச்சு, கிழக்கு தீர்க்கரேகை 74 டிகிரில நிக்குது. இன்சாட்-3டிஎஸ், 2024 பிப்ரவரி 17 அன்னிக்கு அதே ஸ்ரீஹரிகோட்டால இருந்து போனது, 82 டிகிரி. அந்த 82ல அதுக்கு முன்னாடி 2013ல இருந்து உழைச்சது இன்சாட்-3டி. எல்லாமே பூமத்திய ரேகைக்கு நேர் மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல, பூமி சுத்தற வேகத்துலயே சுத்தறதால நம்ம கண்ணுக்கு ஒரே எடத்துல நிக்கற மாதிரி இருக்கும். சென்னை இருக்கறது 80 டிகிரி சொச்சம். அதனால 82ல நிக்கறது நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலயே நிக்குதுன்னு சொல்லலாம், கொஞ்சம் தெற்கா சாஞ்சிருக்கும். இது எவ்வளவு பெரிய வசதின்னு பின்னாடி சொல்றேன்.

உள்ள இருக்கற முக்கியமான கருவிக்குப் பேரு இமேஜர். செல்போன் கேமரா மாதிரி ஒரே கிளிக்ல மொத்த பூமியையும் எடுக்காது. ஒரு கண்ணாடி கிழக்கு மேற்கா ஆடி ஒரு பட்டையைப் படிக்கும், அப்புறம் துளி தெற்கா இறங்கி அடுத்த பட்டையைப் படிக்கும், நெசவுத் தறில ஊடு இழை போற மாதிரி. இப்படி வட துருவத்துல ஆரம்பிச்சு தென் துருவம் வரைக்கும் முடிக்க சுமார் 26 நிமிஷம் ஆகும். அரை மணிக்கு ஒரு படம் வர்றதுக்கு இதுதான் காரணம். சேனல்னா ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் பாக்கறது, அதுல கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தைப் பாக்கற விசிபிள் சேனல்ல ஒரு புள்ளிங்கறது தரைல 1 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துல இருந்து 1 கிலோமீட்டரைப் பிரிச்சுப் பாக்கறதுன்னா, ஒரு கிலோமீட்டர் தள்ளி வெச்ச பத்து ரூபா காசைப் பிரிச்சுப் பாக்கற மாதிரி. அதுவும் சாட்டிலைட் துளி கூட ஆடாம. இதை நம்ம ஆளுங்க செஞ்சு வெச்சிருக்காங்கன்னு நெனைக்கும்போது எனக்கு இன்னிக்கும் பெருமையா இருக்கு.

இன்னொரு சங்கதி. வெப்பத்தை அளக்கற டிடெக்டர் தானே சூடா இருந்தா, தன் சூட்டையே அளந்துக்கிட்டு உக்காந்திருக்கும். அதனால அதை ரொம்ப குளிர்ச்சியா வெக்கணும், அதுக்கு இருண்ட விண்வெளியைப் பாத்த மாதிரி ஒரு கூலர் தகடு இருக்கும், சூடு அது வழியா விண்வெளிக்குப் போயிடும். அப்புறம் அந்த தெர்மாமீட்டர் சரியாத்தான் காட்டுதான்னு அதுவே அப்பப்போ செக் பண்ணிக்கும், ஒரு தடவை வெறும் விண்வெளியைப் பாக்கும், ஒரு தடவை உள்ளயே வெச்சிருக்கற சூடு தெரிஞ்ச கருப்புத் தகடைப் பாக்கும், இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டுத்தான் நம்ம மேகத்தோட டிகிரி கணக்கு வருது.

படி 1: மேகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி எழுத்தைப் படிங்க

படத்தோட மேலயோ கீழயோ மூணு விஷயம் எழுதியிருக்கும், எந்த சாட்டிலைட், எந்த சேனல், என்ன டைம். பாதிப் பேர் தடுக்கி விழறது டைம்லதான். அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம டைம் வேணும்னா 5.30 மணி நேரம் கூட்டணும், 0600ன்னு போட்டிருந்தா காலைல 11.30. அதுவும் ஸ்கேன் ஆரம்பிச்ச டைம். வடக்குல இருந்து இறங்கி வர்றதால நம்ம தமிழ்நாட்டைத் தொடும்போது சுமார் 10 நிமிஷம் ஆகியிருக்கும். அதுக்கப்புறம் டேட்டா கீழ வந்து, படமா மாறி, வெப்சைட்ல ஏறி, யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நாலு குரூப் சுத்தி உங்க கைக்கு வரும்போது ரெண்டு மணி நேரம் ஆன மேகத்தை நீங்க பாத்துட்டு இருப்பீங்க. கோடை இடிமழை மேகம் ஒண்ணு ஒரு மணி நேரத்துல பொறந்து வளந்து செத்தே போயிடும். அதனால பார்வர்டு படத்தை நம்பாதீங்க. வானிலைத் துறை வெப்சைட்ல சாட்டிலைட் பக்கத்தை நேராத் திறங்க, இல்லன்னா இஸ்ரோவோட மோஸ்டாக் தளம். ரெண்டும் ஃப்ரீ.

மார்ச், செப்டம்பர் கடைசி பக்கம் நடுராத்திரில சில படம் வராமப் போகும், வந்தாலும் கோளாறா இருக்கும், பயந்துடாதீங்க. அந்த சீசன்ல தினமும் நம்ம ராத்திரி 12 மணி சுமாருக்கு சாட்டிலைட் பூமியோட நிழலுக்குள்ள போகும், உச்சத்துல 72 நிமிஷம் வரைக்கும். சோலார் பேனலுக்கு வெயில் கிடையாது, அதோட பூமியோட ஓரத்துல இருந்து சூரிய வெளிச்சம் நேரா கருவிக்குள்ள வர்ற கோணம் அது.

படி 2: பகல்ல விசிபிள்

அலைநீளம் 0.55ல இருந்து 0.75 மைக்ரான் வரைக்கும் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது நம்ம கண்ணு பாக்கற வெளிச்சத்துல ஒரு பகுதி. இது மட்டும்தான் போட்டோன்னு சொல்லத் தகுந்தது. தடிச்ச மேகம் பளிச் வெள்ளை, மெல்லிசு சாம்பல், கடல் கருப்பு. ராத்திரி ஒண்ணுமே தெரியாது.

விசிபிள் படத்தை காலைல ஏழு எட்டு மணிக்கும் சாயந்திரம் நாலரைக்கும் பாருங்க, சூரியன் சாஞ்சு அடிக்கறப்ப உசரமான மேகம் பக்கத்துல இருக்கற குட்டை மேகம் மேல நிழல் போடும், தலைல காலிஃபிளவர் மாதிரி பொங்கி வர்றது அப்படியே புடைச்சுத் தெரியும். மதியம் பன்னெண்டுக்கு எல்லாமே தட்டையா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கும். பொங்கிப் பொங்கி முண்டு முண்டா இருந்தா அது உயிரோட வளர்ற மேகம். வழவழன்னு துணி விரிச்ச மாதிரி இருந்தா அது பழசு, இல்ல வெறும் மேல்மேகம்.

படி 3: டிஐஆர்1, நிஜமான வேலைக்காரன்

டிஐஆர்னா தெர்மல் இன்ஃப்ராரெட், வெப்பக் கதிரைப் பாக்கற சேனல், 10.3ல இருந்து 11.3 மைக்ரான். நிலம், கடல், மேகம், நீங்க, நான், எல்லாமே வெப்பத்தைக் கதிரா விட்டுக்கிட்டே இருக்கோம். 27 டிகிரில இருக்கற ஒரு பொருள் விடற கதிரோட உச்சம் 10 மைக்ரான் பக்கத்துலதான் வரும். காத்துல இருக்கற ஈரமும் கரியமில வாயுவும் அந்த எடத்துல பெருசா மறிக்காது, ஜன்னல் திறந்து வெச்ச மாதிரி. அதனால பகலோ ராத்திரியோ மேகத்து உச்சியோட குளிர் நேரா சாட்டிலைட்டுக்குப் போயிடும். ஒரு புள்ளி 4 கிலோமீட்டர், விசிபிள் அளவுக்குக் கூர்மை கிடையாது.

மேல போகப் போகக் குளிரும். நம்ம பக்கம் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துல 0 டிகிரி. பெரிய இடிமேகத்தோட தலை 16, 17 கிலோமீட்டர் வரைக்கும் போகும், அங்க மைனஸ் 80 பக்கம். இப்ப கலர் ஸ்கேலைப் பாருங்க, படத்து ஓரத்துல ஒரு பட்டை இருக்கும், அதைப் படிக்காம கலரைப் பத்திப் பேசவே கூடாது. ஒரு வெப்சைட்ல சிவப்புன்னா மைனஸ் 50, இன்னொண்ணுல மைனஸ் 70, இன்னொண்ணுல சிவப்புன்னா சூடான தரை. கலர் அவங்கவங்க இஷ்டம், நம்பர்தான் நெசம். கலரே இல்லாத சாம்பல் படத்துல ஜில்லுன்னு இருந்தா வெள்ளை, சூடா இருந்தா கருப்பு, அப்பத்தான் மேகம் மேகம் மாதிரி தெரியும்னு அப்படி வெச்சிருக்காங்க.

இப்ப பெரியப்பா கதைக்கு வருவோம். மைனஸ் 60ன்னா உசரமான மேகம், சரி. ஆனா உசரமா இருக்கறது எல்லாம் தடிமனா இருக்கணும்னு அவசியம் இல்லையே. இடிமேகம் மேல போயி முட்டி, அதுக்கு மேல போக முடியாம கொல்லன் பட்டடை மாதிரி பக்கவாட்டுல பரவும், அந்தப் பரவல் மேல் காத்துல அடிச்சுக்கிட்டு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும். அது வெறும் ஐஸ் துகள் போர்வை. மழை பெய்யறது அந்த மூல மேகத்துக்கு அடில கடல்ல எங்கயோ, போர்வை மட்டும் நம்ம ஊர் மேல. டிஐஆர்1 படத்துக்கு ரெண்டும் ஜில்லுதான், ரெண்டும் ஒரே கலர்தான். அன்னிக்கு எங்க ஊர் மேல இருந்தது அந்தப் போர்வை.

எப்படிப் பிரிக்கறது? பகலா இருந்தா விசிபிளைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. டிஐஆர்ல பளிச், விசிபிள்லயும் பளிச்சுன்னா தடிமன், மழை மேகம். டிஐஆர்ல பளிச், விசிபிள்ல கீழ இருக்கற கரையோரக் கோடே மங்கலாத் தெரியற அளவுக்கு மெல்லிசுன்னா போர்வை. டிஐஆர்ல மங்கல், விசிபிள்ல பளிச்சுன்னா தாழ்வான மேகம் இல்ல மூடுபனி. ராத்திரின்னா ஓரத்தைப் பாருங்க. இடிமேகத்தோட காத்து வர்ற பக்கத்து ஓரம் கத்தில வெட்டின மாதிரி இருக்கும், சட்டுனு மைனஸ் 70, பக்கத்துப் புள்ளி பிளஸ் 20. போர்வைக்கு ஓரமே இருக்காது, நூல் நூலாப் பிரிஞ்சு கரைஞ்சு போகும். அப்புறம் நேரம். ஒவ்வொரு படத்துலயும் உச்சி இன்னும் ஜில்லு ஆகுதுன்னா மேகம் வளருது. சூடாகிக்கிட்டே பெருசாப் பரவுதுன்னா அது கரையுது, பரப்பு பெருசாத் தெரியறதைப் பாத்து மழை கூடுதுன்னு நெனச்சுடாதீங்க.

டிஐஆர்2ன்னு ஒண்ணு பக்கத்துலயே 11.5ல இருந்து 12.5 வரைக்கும் இருக்கு. ஒண்ணையே ஏன் ரெண்டு தடவை அளக்கறாங்கன்னு நானும் யோசிச்சேன். ஈரமும் மெல்லிசு ஐஸ் மேகமும் டிஐஆர்2ல கொஞ்சம் அதிகமா மறிக்கும். ரெண்டையும் கழிச்சுப் பாத்தா மெல்லிசு மேகம் தனியா வெளிய வந்துடும், கடல் வெப்பத்தை அளக்கும்போது நடுவுல இருக்கற ஈரத்தோட தப்பையும் திருத்திடலாம்.

படி 4: நீராவிப் படம்

6.5ல இருந்து 7.1 மைக்ரான், ஒரு புள்ளி 8 கிலோமீட்டர். இந்த எடத்துல நீராவி நல்லா மறிக்கும், அதனால தரையே தெரியாது. நாம பாக்கறது நடு, மேல் வானத்து ஈரத்தை. கருப்புன்னா அங்க வறண்ட காத்து. இதைப் பாத்துட்டு கீழ ஈரம் இல்லன்னு சொல்றது தப்பு, கடற்கரைல வேர்த்து ஊத்திட்டு இருக்கும்போதே மேல கருப்பாத்தான் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைல இந்தப் படத்தை நான் தினமும் பாப்பேன். வங்கக் கடல்ல ஒரு தாழ்வு மண்டலம் இருக்கு, வடமேற்குல இருந்து ஒரு கருப்பு நாக்கு நீண்டு அதைச் சுத்திக்கிட்டு வருதுன்னா, வறண்ட காத்து உள்ள நுழையுது, அந்த சிஸ்டம் இனிமே தடுமாறும். புயல் ஏன் வலுவிழந்துச்சுன்னு மறுநாள் எல்லாரும் கேக்கற கேள்விக்கு பதில் முந்தின ராத்திரியே இந்தப் படத்துல பல தடவை இருக்கும்.

படி 5: மிச்சம் ரெண்டு சேனலும் கலவைப் படங்களும்

1.6 மைக்ரான் சேனல் பகல்ல மட்டும். இதுல ஐஸ் கருப்பு, தண்ணி மேகம் வெள்ளை, இமயமலைல எது பனி எது மேகம்னு பிரிக்க இது ரொம்ப உதவும். 3.9 மைக்ரான் ராத்திரி மூடுபனிக்கு. குட்டித் தண்ணித் துளி இந்த அலைநீளத்துல கொஞ்சம் கம்மியாக் கதிர் விடும், அதனால டிஐஆர்1ல இருந்து இதைக் கழிச்சா வெறும் தரைக்கும் பனிமூட்டத்துக்கும் இருக்கற வித்தியாசம் தெரிஞ்சுடும், ரெண்டுக்கும் வெப்பம் ஒண்ணாவே இருந்தாலும். ஜனவரில டெல்லி, பஞ்சாப், கங்கைச் சமவெளி மொத்தமும் அப்படி மூடிக் கெடக்கறதை இதுலதான் பாக்கலாம். காட்டுத்தீ மாதிரி ரொம்ப சூடான எடமும் இதுலதான் முதல்ல பளிச்சுன்னு தெரியும்.

இதையெல்லாம் மூணு மூணா சேத்து சிவப்பு பச்சை நீலத்துல கலந்து பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு மைக்ரோபிசிக்ஸ் படம் போடறாங்க. அழகா இருக்கும், ஆனா ஒவ்வொரு சேனலையும் தனியாப் படிக்கப் பழகாம நேரா இதுக்கு வராதீங்க, கலர் மறுபடியும் ஏமாத்தும்.

இமேஜர் பக்கத்துலயே சவுண்டர்னு ஒரு கருவி இருக்கு, 19 சேனல். அது படத்துக்கு இல்ல. கரியமில வாயு, ஓசோன், நீராவி மறிக்கற வேற வேற அலைநீளத்துல அளந்து, எந்த உயரத்துல என்ன வெப்பம், எவ்வளவு ஈரம்னு ஒரு ஏணி மாதிரி கணக்குப் போட்டுத் தரும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் மாடலுக்குள்ள போற சரக்கு, நாம கடந்துடலாம்.

படி 6: ஒத்தைப் படம் வேணாம், லூப் பாருங்க

நான் இதுவரைக்கும் சொன்னதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்கங்க. ஆறு மணி நேரப் படத்தை ஓட விட்டுப் பாருங்க. ஒத்தைப் படத்துல தெரியாத ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு, மேல்மேகம் ஒரு பக்கம் ஓடும், கீழ இருக்கற குட்டி மேகம் வேற பக்கம் ஓடும், அப்ப மேலயும் கீழயும் காத்து வேற வேற திசைன்னு அர்த்தம், அது புயலைச் சாய்ச்சுடும். ரெண்டு, சிஸ்டம் நகருதா நிக்குதா.

நிக்கறதுதான் ஆபத்து. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் ஆந்திரால பாபட்லா பக்கம் 5ஆம் தேதிதான் கரையைக் கடந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடி 3, 4 தேதில சென்னைக்குப் பக்கத்துக் கடல்ல ஊர்ந்து ஊர்ந்து போனதுல சென்னை மூழ்கிடுச்சு. புயலோட மையம் எங்கன்னு மட்டும் பாத்தவங்களுக்கு அது ஆந்திராப் புயல். லூப்ல மழைப் பட்டை திரும்பத் திரும்ப ஒரே கரைமேல வந்து மோதறதைப் பாத்தவங்களுக்கு அது சென்னை மழை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறிச்சு, கரையேறிட்டாப் போயிடும்னு நெனச்சோம், அது மறுநாள் மணிக்கணக்கா அங்கயே நின்னு கொட்டுச்சு. விழுப்புரம், புதுச்சேரி ஜனங்க பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

படி 7: புயலை எப்படி எடை போடறாங்க

நடுக்கடல்ல காத்து மீட்டர் ரொம்ப ரொம்பக் கம்மி. அப்புறம் எப்படி இத்தனை கிலோமீட்டர் வேகம்னு சொல்றாங்க? வெர்னான் டுவொராக்னு ஒரு அமெரிக்க வானிலை ஆய்வாளர் 1970கள்ல ஒரு முறையைக் கண்டுபிடிச்சாரு, மேகத்தோட வடிவத்தையும் வெப்பத்தையும் வெச்சே புயலோட பலத்துக்கு நம்பர் போடறது. டி-நம்பர்னு பேரு, 1ல இருந்து 8 வரைக்கும், அரை அரையா ஏறும். நம்ம வானிலைத் துறை அறிக்கைல "டி2.5"ன்னு வரும் பாருங்க, அதுதான். 1.5ன்னா தாழ்வு மண்டலம், 2 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 வந்தா புயல், அப்பத்தான் பேரு வெப்பாங்க. 3.5 தீவிரப் புயல், 4 மிகத் தீவிரப் புயல்.

வீட்ல உக்காந்தே தோராயமாப் பழகலாம். வளைஞ்ச மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுத்தியிருக்குன்னு பாருங்க, கால் சுத்தா, அரைச் சுத்தா, முழுசா? அதிகம் சுத்தினா அதிக பலம். கண்ணு தெரிஞ்சுட்டா கணக்கு மாறும், கண்ணுக்குள்ள காத்து கீழ இறங்கறதால அங்க மேகம் கலைஞ்சு சூடாத் தெரியும், சுத்தி இருக்கற வளையம் ஜில்லுன்னு இருக்கும், அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசோ அவ்வளவு பலம். அதுக்கு மாறா, மையம் ஒரு பக்கம் மொட்டையா, மேகக் கும்பல் எல்லாம் இன்னொரு பக்கம் தள்ளிக் கெடந்தா மேல்காத்து அதை வெட்டுதுன்னு அர்த்தம்.

இதுல ராத்திரி ஒரு பெரிய பொறி இருக்கு. மொட்டையா இருக்கற மையத்துல தாழ்வான மேகம்தான் சுத்தும், அதோட வெப்பமும் கடலோட வெப்பமும் கிட்டத்தட்ட ஒண்ணு, டிஐஆர்ல கண்ணுக்கே தெரியாது. அதனால ராத்திரி பூரா மேகக் கும்பலுக்கு நடுவுலதான் மையம்னு நெனச்சிருப்போம், விடிஞ்சு முதல் விசிபிள் படம் வந்ததும் பாத்தா மையம் கும்பலுக்கு வெளிய எங்கயோ தனியா சுத்திக்கிட்டு இருக்கும். கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறினப்ப முழு இருட்டு, விசிபிளுக்கு வழியே இல்ல. அந்த மாதிரி ராத்திரில காரைக்கால் ரேடார்தான் கண்ணு.

படி 8: வேற நாட்டு சாட்டிலைட்டைப் பாக்கும்போது

ஜப்பானோட ஹிமாவரி-9 படம் நம்ம பக்கமும் வரும், 10 நிமிஷத்துக்கு ஒண்ணு, 16 சேனல், ரொம்பக் கூர்மை. ஐரோப்பாவோட மெட்டியோசாட்-9 இந்தியப் பெருங்கடலுக்கு 45.5 டிகிரில நிக்குது, 15 நிமிஷத்துக்கு ஒண்ணு. ரெண்டும் நல்லதுதான், ஆனா ஒரு கணக்கு மறந்துடாதீங்க. ஹிமாவரி நிக்கறது 140.7 டிகிரி, நம்மை ரொம்பச் சாஞ்ச கோணத்துல பாக்குது. சென்னைக்கு நேர் மேல 15 கிலோமீட்டர் உசரத்துல ஒரு மேகத் தலை இருந்தா, அந்தக் கோணத்துக்கு அது சுமார் 40 கிலோமீட்டர் மேற்கா தள்ளி விழும், மெரினா மேல கொட்டற மேகம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கற மாதிரி காட்டும். மெட்டியோசாட்ல அதே மேகம் 14 கிலோமீட்டர் மாதிரி கிழக்கா, கடலுக்குள்ள தள்ளித் தெரியும். 82 டிகிரி இன்சாட்ல நாலு கிலோமீட்டர்தான் பிசகும், அதுவும் வடக்கா. தலைக்கு மேல நிக்கறது வசதின்னு முன்னாடி சொன்னது இதைத்தான். எந்தத் தெரு எந்த ஏரின்னு பேசறதுக்கு இன்சாட், மேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் எப்படிப் பொங்குதுன்னு பாக்க ஹிமாவரி.

படி 9: மேகத்துக்கு உள்ள பாக்கணும்னா

மைக்ரோவேவ் அலை மேகப் போர்வையைத் துளைச்சுக்கிட்டு வரும், உள்ள இருக்கற மழையையும் ஐஸையும் காட்டும். அப்ப அதையே இன்சாட்ல வெச்சுட்டா என்ன? அலைநீளம் பெருசு. 89 கிகாஹெர்ட்ஸ்ல அது 3 மில்லிமீட்டர் சொச்சம், 36,000 கிலோமீட்டர்ல இருந்து 15 கிலோமீட்டரைப் பிரிச்சுப் பாக்கணும்னாலே சுமார் 10 மீட்டர் அகல டிஷ் வேணும். அதனால கீழ பறக்கற சாட்டிலைட்லதான் வெக்கறாங்க, 2014ல போன ஜிபிஎம்ங்கற மழை அளக்கற சாட்டிலைட் 400 கிலோமீட்டர் சொச்சத்துல 1.2 மீட்டர் டிஷ்ஷோட பறக்குது. ஆனா அது ஒரே எடத்துல நிக்காது, தாண்டிப் போகும்போது கிடைச்சாத்தான் உண்டு.

2011 அக்டோபர் 12 அன்னிக்கு இந்தியாவும் பிரான்சும் சேந்து மேகா-டிராபிக்ஸ்னு ஒண்ணை அனுப்பினாங்க, நம்ம மாதிரி வெப்பமண்டல நாட்டு மேலயே அடிக்கடி வர்ற மாதிரி, அது சுத்தற பாதைக்கு பூமத்திய ரேகைல இருந்து சாய்வு 20 டிகிரிதான். அதுல மழையைப் பாக்கற மைக்ரோவேவ் கருவிக்குப் பேரு என்ன தெரியுமா, மெட்ராஸ். ஆங்கில முதலெழுத்தெல்லாம் சேத்து அப்படி வர்ற மாதிரி வெச்சது. அதோட சுழற்சில கோளாறு வந்து 2013லயே நின்னுடுச்சு. ஈரத்தை அளக்கற சஃபீர் கருவி மட்டும் அப்புறமும் பல வருஷம் உழைச்சுச்சு. 2023 மார்ச் 7 அன்னிக்கு அந்த சாட்டிலைட்டைப் பசிபிக் கடல் மேல எரிஞ்சு விழற மாதிரி கவனமா இறக்கிட்டாங்க. மெட்ராஸ் இன்னும் நாலு பருவமழை பாத்திருந்தா எவ்வளவோ கிடைச்சிருக்கும்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

படி 10: கீழ வந்து சரி பாருங்க

எவ்வளவு பழகினாலும் சாட்டிலைட் ஏமாத்தற எடம் ஒண்ணு இருக்கு. மலை ஓரத்துலயும் கடற்கரையிலயும் சில மழை உசரமான மேகம் இல்லாமலே கொட்டும். தலை பூஜ்ஜிய டிகிரி கோட்டைக் கூடத் தாண்டாது, ஐஸே கிடையாது, ஈரக்காத்து மலைல மோதி மோதி துளி துளியா சேந்து ஊத்தும். டிஐஆர்ல அது மங்கல் சாம்பல், கலர் ஸ்கேல்ல கலரே ஏறாது. மேற்குத் தொடர்ச்சி மலைல தென்மேற்குப் பருவமழை இப்படி நிறைய ஏமாத்தும். அதனால கடைசில ரேடாரைத் திறக்காம முடிவு பண்ணாதீங்க. சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படம் எல்லாம் ஆன்லைன்லயே இருக்கு. சாட்டிலைட் கூரையைப் பாக்குது, ரேடார் வீட்டுக்குள்ள பாக்குது. புயல், வெள்ளம்னு வரும்போது வானிலைத் துறை எச்சரிக்கை என்ன சொல்லுதோ அதுதான் முடிவு, உங்க படிப்பை வெச்சு அதை மீறாதீங்க.

இப்ப பெரியப்பா போன் பண்ணா நான் செய்யறது இதுதான். முதல்ல டைமைப் பாக்கறேன். டிஐஆர்1 லூப்பை ஆறு மணி நேரம் ஓட விடறேன், ஜில்லு உச்சி எங்க பொறக்குது, எந்தப் பக்கம் பரவுது, ஓரம் கத்தி மாதிரியா நூல் மாதிரியான்னு. பகல்னா விசிபிள்ல அதே எடம். அப்புறம் நீராவிப் படத்துல கருப்பு நாக்கு இருக்கான்னு ஒரு பார்வை. கடைசியா காரைக்கால் ரேடார். மொத்தம் பத்து நிமிஷம். போன வருஷம் ஐப்பசில ஒரு நாள் மறுபடியும் அதே மாதிரி சிவப்புப் படத்தை அனுப்பி, "என்னப்பா, இன்னிக்காவது போடலாமா"ன்னாரு. பாத்தேன், சிவப்பு பொறந்தது இலங்கைக்குக் கிழக்கால, நமக்கு வந்தது வால் மட்டும், ரேடார் சுத்தம். போடுங்க பெரியப்பான்னேன். சாயந்திரத்துக்குள்ள மூணு மா வயலுக்கும் போட்டு முடிச்சுட்டு, வரப்புல நின்னு வானத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாரு, மெல்லிசா, வெள்ளையா, நூல் நூலா.